ஒருமுறை சொன்னாலே புரிய வேண்டும்: செட்டிநாட்டிலிருந்து ஓர் ஆங்கில உச்சரிப்பு வழிகாட்டி

காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பிரித்த வீடொன்றிலிருந்து வந்த ஆத்தங்குடித் தரைக்கற்கள் அப்போது கடையில் நிறைய இருந்தன. ‘ஓல்டு டைல்ஸ்’ இருக்கின்றன என்று மூன்று முறை சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய கடிகார முகப்புகள் தமக்குத் தேவையில்லை என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார். ‘டைல்’ என்று நான் சொன்னது அவர் காதில் ‘டயல்’ என்று விழுந்திருக்கிறது. கடையில் பழைய கடிகாரங்களும் உண்டு என்பது அவருக்குத் தெரியும், அதனால் சந்தேகமும் எழவில்லை. என் இலக்கணத்தில் பிழை இல்லை, சொல்லும் சரியானதுதான். முதல் எழுத்தை ஒலிக்கும்போது வெளியே வந்திருக்க வேண்டிய மூச்சுக்காற்று மட்டும் வரவில்லை. அது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

இப்போது எங்கள் வீட்டு வளவில் மாலை வேளைகளில் சிலருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கானாடுகாத்தானில் விருந்தினருக்கு வீடு சுற்றிக்காட்டும் இளைஞர்கள், ஆத்தங்குடிப் பட்டறைக்காரர், சிங்கப்பூருக்குச் செவிலியராகப் போக இருக்கும் பெண்கள் வருகிறார்கள். எழுபதைத் தொட்ட ஓர் ஆச்சியும் வருகிறார். ‘பேரன் சொல்வது எனக்குப் புரிகிறது தம்பி, நான் சொல்வதுதான் அவனுக்குப் புரியவில்லை’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர். அவர்களோடு உட்கார்ந்து பழகியதில் எது பலன் தந்ததோ அதையே இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

எங்கள் குடும்பப் பெரியவர்கள் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்குப் போன இடத்தில், பர்மிய மொழியைக் கடைக்கு வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றார்கள். காது முதலில், நாக்கு பிறகு. இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான்.

தொடங்கும் முன்: தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள்

குடிக்கும் காபியையும் நகலெடுக்கும் காபியையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். விலையும் ‘பிரைஸ்’, பரிசும் ‘பிரைஸ்’. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு ஒலிகள் கொண்ட நான்கு சொற்கள். ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தால், எந்த வேறுபாட்டைக் கற்க வேண்டுமோ அதையே அழித்துவிட்டுக் கற்கிறோம். இந்தக் கட்டுரையிலும் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில்தான் வருகின்றன. எந்தச் சொல்லைச் சொல்கிறேன் என்று அடையாளம் காட்ட மட்டுமே அவற்றைப் பயன்படுத்துங்கள். ஒலியை அகராதியில் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: உங்கள் நாற்பது சொற்களும் முதல் பதிவும்

ஒரு நோட்டுப் புத்தகத்தில், உங்கள் வேலையில் தினமும் வாயில் வரும் ஆங்கிலச் சொற்களில் நாற்பதை எழுதுங்கள். வீடு காட்டுபவர் என்றால் தூண், முற்றம், தேக்கு, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, பளிங்கு, கூரை ஆகியவற்றுக்கான சொற்கள். செவிலியர் என்றால் வலி, நரம்பு, காய்ச்சல், வீக்கம். எல்லாச் சொற்களையும் திருத்தக் கிளம்பினால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். நாற்பது சொற்கள் திருந்தினால், அவற்றில் உள்ள ஒலிகள் வழியாக மற்ற நானூறும் தாமாகத் திருந்தத் தொடங்கும்.

அன்றே கைபேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். தேதியைச் சொல்லித் தொடங்குங்கள், உங்கள் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் தோன்றியபடி பேசுங்கள். கேட்கப் பிடிக்காது, யாருக்கும் தம் குரல் பிடிப்பதில்லை. ஆனால் அதை அழித்துவிடாதீர்கள், பிறகு வேண்டியிருக்கும்.

எந்த உச்சரிப்பைப் பின்பற்றுவது, பிரிட்டிஷா அமெரிக்கனா என்று முதல் நாளே எல்லோரும் கேட்கிறார்கள். எதுவானாலும் சரி, ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். சிங்கப்பூருக்குப் போகிறவருக்குப் பிரிட்டிஷ் வசதி, அமெரிக்காவில் பேரன் இருப்பவருக்கு அமெரிக்கன். தமிழர் என்று தெரியாதபடி பேச வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். செட்டிநாட்டுக்கு வரும் விருந்தினரில் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் உண்டு, அவர்களுக்கும் ஆங்கிலம் அயல்மொழிதான். திருப்பிக் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் அவர்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவே.

இரண்டாம் படி: இரண்டு வாரம் காதுக்கு மட்டும்

‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் இரண்டாவது ‘ப’வும் ஒரே ஒலி அல்ல. தொண்டையில் விரலை வைத்தால் இரண்டாவதில் அதிர்வு தெரியும். ‘கங்கு’, ‘தந்தை’ ஆகியவற்றிலும் இப்படித்தான். தமிழில் இந்த மாற்றம் இடத்தைப் பொறுத்துத் தானாக வருகிறது, பொருளை மாற்றுவதில்லை. அதனால் ஓர் எழுத்தே போதும் என்று நம் முன்னோர் வைத்தார்கள், மொழிக்கு அது மிகப் பொருத்தமான ஏற்பாடு. ஆனால் ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிகளும் இரண்டு சொற்களைப் பிரிக்கின்றன. நம் நாக்குக்கு இரண்டும் தெரியும். அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடக் குழந்தைப் பருவத்திலேயே பழகிவிட்டது காதுதான். ஆகவே பயிற்சி காதிலிருந்து தொடங்குகிறது.

செய்ய வேண்டியது இது. ஒரே ஓர் ஒலியில் வேறுபடும் சொற்களை இரண்டிரண்டாக எழுதுங்கள்: குடிக்கும் காபி – நகல் காபி, மின்விசிறி – வாணலி, விலை – பரிசு, திராட்சைக் கொடி – திராட்சை மது, ஆடு – மேலங்கி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ் ஒலி, அமெரிக்க ஒலி என்று இரண்டு ஒலிபெருக்கிக் குறிகள் இருக்கும். திண்ணையில் தோழர் ஒருவரை உட்காரவைத்து, திரை உங்களுக்குத் தெரியாமல் அவர் ஏதாவது ஒன்றை ஒலிக்கச் செய்யட்டும். முதல் சொல்லா இரண்டாம் சொல்லா என்று நீங்கள் விரலால் காட்டுங்கள். இருபதுக்குப் பதினெட்டு சரியாக வரும்வரை அந்த ஒலியை வாயால் சொல்ல முயல வேண்டாம். காதில் பிரியாத ஒலியை வாயால் பிரித்துச் சொன்னாலும் அது சரியா தவறா என்று உங்களுக்கே தெரியாது.

மூன்றாம் படி: அகராதியில் எழுத்தைப் பார்க்காமல் குறியைப் பார்ப்பது

தமிழில் எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே படிக்கலாம். அந்த நம்பிக்கையோடு ஆங்கிலத்தைப் படிப்பதால் பல பிழைகள் வருகின்றன. இங்கிலாந்தில் வில்லியம் காக்ஸ்டன் 1476இல் அச்சுக்கூடம் நிறுவியபின் எழுத்துமுறை மெல்ல உறையத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில் நெட்டுயிர்களின் உச்சரிப்போ பெரிதும் மாறிக்கொண்டிருந்தது. எழுத்து பழைய ஒலியோடு நின்றுவிட்டது, வாய் எங்கோ போய்விட்டது.

அதனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் சாய்கோடுகளுக்குள் இருக்கும் ஒலிக்குறிகளைப் படிக்கப் பழகுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்புக்குப் பொதுவாக 44 ஒலிகள் என்று கணக்கு வைக்கிறார்கள்: 24 மெய், 20 உயிர். 247 எழுத்துகளைச் சிறுவயதில் கற்ற நமக்கு இது ஒரு வார வேலை. மிக முக்கியமான குறி, மேலே இருக்கும் சிறிய செங்குத்துக் கோடு. அதை அடுத்து வரும் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று அது காட்டுகிறது. நாற்பது சொற்களுக்கும் அந்தக் கோட்டை உங்கள் நோட்டில் சிவப்பு மையால் போட்டுவிடுங்கள்.

நான்காம் படி: வாயைத் திருத்துவது

இதற்குக் கண்ணாடி வேண்டும். நம் பழைய வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடிகள் ஆள் உயரத்துக்குத் தொங்குகின்றன. ஆச்சி அதன் முன்னால்தான் தினமும் நின்றார். கைக்கண்ணாடியும் போதும்.

மூச்சு. என்னைத் தோற்கடித்தது இதுதான், ஆகவே இதிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் அழுத்தமான அசையின் தொடக்கத்தில் க, ட, ப ஆகியவற்றின் வல்லொலிகள் வந்தால், உயிரெழுத்துக்கு முன் காற்று ஒரு சீறலாக வெளியேறும். நாம் காற்றில்லாமல் சொல்கிறோம். ஆங்கிலேயர் காதில் காற்றில்லாத வல்லொலி மெல்லொலியாகவே, அதாவது தொண்டை அதிரும் ஒலியாகவே, விழும். மேலங்கி ஆடாகும், மூட்டை முதுகாகும், தரைக்கல் கடிகார முகப்பாகும். ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு ‘பில்லர்’ என்று சொல்லுங்கள். காகிதம் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் இடையில் ஒரு ‘ஹ’ இருப்பதாக எண்ணிக்கொண்டு மறுபடி சொல்லுங்கள். கல்லைக் குறிக்கும் ‘ஸ்டோன்’ போல முன்னால் ‘ஸ்’ வந்தால் இந்தக் காற்று வேண்டாம், அங்கே நம் பழக்கமே சரி.

நாக்கு தொடும் இடம். நாம் ‘டைல்’, ‘டீக்’, ‘டோர்’ என்று சொல்லும்போது ‘கட்டடம்’ என்பதில் வரும் ‘ட’வைப் பயன்படுத்துகிறோம், நாக்கு நன்றாக மேலே மடிகிறது. ஆங்கில ஒலியில் நாக்கு மடிவதில்லை, மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டைத் தொடுகிறது. இந்த இடம் நமக்குப் புதிதே அல்ல. ‘காற்று’ என்று மெதுவாகச் சொல்லி, ‘ற்’ வந்ததும் அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நிற்கும் இடம்தான் ‘டைல்’ என்பதன் முதல் ஒலிக்கான இடம். ‘கன்று’ என்று சொல்லி நிறுத்தினால் ‘டோர்’ என்பதற்கான இடம் கிடைக்கும். ஈழத்தமிழர் ‘இன்ரநெற்’, ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைப் பார்த்து வியந்திருப்போம். அவர்கள் எழுதுவது ஒலிக்கு மிக நெருக்கமானது. ஆங்கிலத்துக்கு வேண்டிய இந்த ஒலியை நம் மொழி றகரத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதை உணர்ந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

பல்லும் உதடும். மேற்பல் கீழுதட்டின் உட்புறத்தை மெல்லத் தொட, காற்று மட்டும் உரசிப் போனால் ‘ஃப்’. அதே நிலையில் தொண்டையும் அதிர்ந்தால் கிராமத்தையும் பாத்திரத்தையும் குறிக்கும் ‘வில்லேஜ்’, ‘வெஸல்’ ஆகியவற்றின் முதல் ஒலி. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்கிறது, நாம்தான் பல்லை விட்டுவிட்டு உதடுகளை மட்டும் நெருக்குகிறோம். சுவர், கிணறு, ஜன்னல், வெள்ளை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களிலோ பல் எங்கும் தொடக்கூடாது. ‘உ’ சொல்வதுபோல உதட்டைக் குவித்துக்கொண்டு தொடங்க வேண்டும்: ‘உவால்’, ‘உவெல்’. கண்ணாடியில் பல் தெரிகிறதா, உதடு குவிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ‘வெள்ளைச் சுவர், கிராமத்துக் கிணறு, பித்தளைப் பாத்திரம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி இருபது முறை சொல்லுங்கள். குவித்தல், குவித்தல், பல், குவித்தல், பல் என்று வாய் மாறி மாறி வேலை செய்யும்.

அதிரும் ஸகரம். மிருகக்காட்சிசாலைக்கான ‘ஜூ’ என்ற சொல்லை நாம் ‘ஜ’ என்றே சொல்கிறோம். உண்மையில் அது ‘ஸ்’ஸை நீட்டி, தொண்டையை அதிரவிட்டால் வருவது, வண்டு ரீங்கரிப்பதைப்போல. வீடு காட்டுபவர்களுக்கு இது தினப்படித் தேவை. ஒருமையில் ‘ஹவுஸ்’ அதிர்வின்றி முடிகிறது. பன்மையில் நடுவிலும் கடைசியிலும் வருகிற இரண்டு ஸகரமும் அதிர்கின்றன. சொல்லின் கடைசியில் இந்த வேறுபாட்டைச் சுலபமாகக் காட்ட ஒரு வழி இருக்கிறது. பரிசைக் குறிக்கும் சொல்லில் உயிரைச் சற்று நீட்டுங்கள், விலையைக் குறிக்கும் சொல்லில் குறுக்குங்கள். குறில் நெடில் தமிழருக்குக் கைவந்த கலை, அதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். பைக்கும் முதுகுக்கும், விதைக்கும் இருக்கைக்கும் இதே உபாயம் உதவும்.

ரகரம். நம் ‘ர’வில் நாக்கு மேலே ஒருமுறை தட்டுகிறது. ஆங்கிலத்தில் தட்டக்கூடாது. ‘பழம்’ என்பதன் ழகரத்தை நினைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ‘ரோட்’ சொல்லிப் பாருங்கள். அமெரிக்க ஒலிக்கு மிக அருகில் வந்துவிடும். நம் பக்கத்தில் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று சொல்லிப் பழகியவர்கள் முதலில் ழகரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு வேலையில் இரண்டு பலன்.

உயிர்களில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். மணலுக்கும் ‘அனுப்பு’ என்பதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை நாம் ஒன்றுபோலச் சொல்கிறோம், வாணலியையும் பேனாவையும்கூட. மணலிலும் வாணலியிலும் வருவது எகரத்தில் தொடங்கி, தாடையை ஆகாரத்தின் பாதி வரை இறக்கிச் சொல்லும் உயிர். தாடை இறங்குகிறதா என்று கன்னத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

நாக்கைப் பல்லிடையே வைக்கும் ஒலிகளைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ‘அது’ என்று இயல்பாகச் சொல்லும்போது வரும் மென்மையான தகரம், ஆங்கிலத்தில் ‘இது’, ‘அது’ என்பவற்றுக்கான சொற்களின் முதல் ஒலிக்கு மிக நெருக்கம். மூன்று, ஆயிரம் ஆகியவற்றுக்கானது அதே இடத்தில் அதிர்வில்லாமல் காற்று மட்டும். இதைப் பிழையாகச் சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துவிடும். வெவ்வேறு நாட்டவர் தமக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எந்தெந்த ஒலிகள் புரிதலைக் கெடுக்கின்றன என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட அத்தியாவசியப் பட்டியலில் இந்த இரண்டையும் சேர்க்கவில்லை. மூச்சுச் சீறலையும் உயிர்களின் நீளத்தையும் சேர்த்தார்.

ஐந்தாம் படி: சொல்லின் தலையும் வாலும்

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. க், ச், ட், த், ப், ற் என்று முடிய நேர்ந்தால் உடனே ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். பஸ் ‘பஸ்ஸு’ ஆவதும் லிஸ்ட் ‘லிஸ்ட்டு’ ஆவதும் இதனால்தான். இது அறியாமையால் வருவதல்ல, இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். ஆங்கிலத்தில் அந்த உகரம் ஓர் அசையைக் கூட்டிவிடுகிறது. வாயை மூடிய நிலையிலேயே, நாக்கை ஒட்டிய இடத்திலேயே நிறுத்தப் பழகுங்கள். ‘டீக்’ சொன்னதும் ஒரு விநாடி அசையாமல் இருங்கள்.

தொடக்கத்திலும் இப்படித்தான். எகரத்துக்கு முன் யகரமும் ஒகரத்துக்கு முன் வகரமும் நுழைகின்றன. நம் சுவர்களின் பளபளப்புக்குச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்தார்கள் என்று விருந்தினருக்குச் சொல்லாத வழிகாட்டி இல்லை. அந்த முட்டை ஒவ்வொரு நாளும் ‘யெக்’ ஆகிறது. ‘மட்டும்’ என்ற பொருளுள்ள சொல் ‘வொன்லி’ ஆகிறது. தொண்டையிலிருந்து நேராக உயிரைத் தொடங்குங்கள். தாடை மேலெழுந்து இறங்கினால் யகரம் வந்துவிட்டது என்று பொருள்.

இறந்தகால விகுதியை மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். ‘மெருகேற்றிய’ என்பதற்கான ஆங்கிலச் சொல் அதிர்வற்ற வல்லொலியில் முடிகிறது, ‘செதுக்கிய’ அதிரும் ஒலியில் முடிகிறது, ‘வண்ணம் பூசிய’, ‘இறக்குமதி செய்த’ இரண்டும் ‘-இட்’ என்று கூடுதல் அசை பெறுகின்றன. எழுத்தில் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். விதி எளிது: வேர்ச்சொல்லின் கடைசி ஒலி டகர வகையாக இருந்தால் மட்டுமே கூடுதல் அசை.

ஆறாம் படி: அழுத்தம்

நேரம் குறைவாக இருப்பவர்கள் மற்றப் படிகளைச் சுருக்கிக்கொண்டாலும் இதைச் சுருக்காதீர்கள். ஜென்கின்ஸின் பட்டியலில் சொல்லழுத்தம் கட்டாயமாக இல்லை. இதில் மட்டும் நான் அவரோடு மாறுபடுகிறேன். ஒலி சற்றுப் பிசகினாலும் விருந்தினர் ஊகித்துக்கொள்கிறார்கள். அழுத்தம் இடம் மாறினால் வேறு சொல்லைத் தேடிப் போய்விடுகிறார்கள். இதை எத்தனையோ முறை நேரில் பார்த்துவிட்டேன்.

தமிழில் அசைகள் ஏறக்குறைய சம உரிமையோடு ஒலிக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசைதான் தலைவன். அது நீளும், உரக்கும், குரல் ஏறும், மற்றவை ஒடுங்கிப்போகும். ஹோட்டலில் அழுத்தம் இரண்டாம் அசையில். ‘ஆன்டீக்’, ‘டிசைன்’, ‘சிமெண்ட்’, ‘மியூசியம்’, ‘வெராண்டா’ எல்லாவற்றிலும் இரண்டாவதில். ‘பேலஸ்’, ‘பில்லர்’, ‘ஹெரிட்டேஜ்’, ‘கோர்ட்யார்ட்’ ஆகியவற்றில் முதலில். தொங்கும் சரவிளக்கான ‘ஷாண்டலியர்’ மூன்றாவதில். சாப்பாட்டு மேசையில் கருப்பரிசி இனிப்பான கவுனி அரிசியைக் கொண்டுவந்து வைத்து, அழுத்தத்தை முதல் அசையில் போட்டு ‘டெஸர்ட்’ என்றால் பாலைவனம், இரண்டாவதில் போட்டால்தான் இனிப்பு.

சில வழித்தடங்கள் உண்டு. ‘-ஷன்’, ‘-இக்’ என்று முடியும் சொற்களில் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில் விழும்: ‘டெகரேஷன்’, ‘செராமிக்’. இறக்குமதி, ஏற்றுமதி, பதிவு ஆகியவற்றுக்கான சொற்கள் பெயராக வந்தால் முதலசையிலும் வினையாக வந்தால் இரண்டாவதிலும் அழுத்தம் பெறும். மற்றதை அகராதியின் அந்தச் சின்னக் கோடு சொல்லும்.

ஒடுங்கும் அசை எப்படி ஒலிக்கும் என்பதுதான் பலருக்கும் கடினம். வாழைப்பழத்துக்கான ‘பனானா’வில் நடு அசை மட்டுமே முழு ஆகாரம். முதலும் கடைசியும் வாய் சரியாகத் திறக்காமல் விழும் மெலிந்த அகரம். உயிரைக் குறுக்குவது நமக்குப் பழக்கமான வேலைதான். ‘காசு’ என்பதன் கடைசி உகரத்தை உதடு குவிக்காமல் அரை மாத்திரையில் விட்டுவிடுகிறோமே, குற்றியலுகரத்தில் செய்யும் அந்தச் சிக்கனத்தை ஆங்கிலத்தின் அழுத்தமில்லாத எல்லா அசைகளுக்கும் செய்யுங்கள். கையில் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து, அழுத்தமான அசையில் மட்டும் இழுத்துப் பிடித்துச் சொன்னால் உடம்பே கற்றுக்கொள்ளும்.

ஏழாம் படி: கும்மி தட்டிப் பேசுவது

சொல்லில் நடப்பதே வாக்கியத்திலும் நடக்கிறது. ‘த டைல்ஸ் ஆர் மேட் ஆன் கிளாஸ்’, அதாவது கற்கள் கண்ணாடியின் மேல் செய்யப்படுகின்றன. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். கல் காய்ந்ததும் கண்ணாடி கழன்று வரும், மெருகு அதனால்தான். இந்த வாக்கியத்தில் கை தட்ட வேண்டிய இடங்கள் மூன்று: டைல்ஸ், மேட், கிளாஸ். முதலில் அந்த மூன்று சொற்களை மட்டும் சீராகத் தட்டிச் சொல்லுங்கள். பிறகு நடுவில் இருக்கும் சிறு சொற்களைச் செருகுங்கள், தட்டும் வேகம் மாறக்கூடாது. அடுத்து ‘ஆர் பீயிங் மேட் ஆன் த கிளாஸ்’ என்று நீட்டுங்கள். அப்போதும் மூன்றே தட்டு, அதே இடைவெளி. சிறு சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு அதற்குள் போய் உட்கார வேண்டும். கும்மியடித்த பெண்களுக்கு இது ஒரே மாலையில் பிடிபட்டுவிடுகிறது. வாக்கியப் பயிற்சியில் ஆச்சி எல்லோரையும் முந்தியது இங்கேதான்.

குரலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியின் முடிவில் குரல் ஏறும், என்ன, எங்கே, எப்போது என்ற கேள்விகளில் இறங்கும். இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

எட்டாம் படி: தினப்படி நேரமும் பதிவும்

நாளுக்கு இருபத்தைந்து நிமிடம். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் என்று சேர்த்து வைப்பது பயன் தராது, நாக்கு தினமும் பழக வேண்டிய தசை. காலையில் பத்து நிமிடம் கண்ணாடியின் முன், அந்த வாரத்துக்கான ஒரே ஓர் ஒலி. மாலையில் பதினைந்து நிமிடம் நிழல்போலத் தொடர்ந்து பேசும் பயிற்சி. எழுத்து வடிவமும் கிடைக்கிற, முப்பது நாற்பது விநாடி ஒலித்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் இவை நிறைய உண்டு. முதலில் கேட்பது மட்டும், பிறகு எழுத்தைப் பார்த்து அழுத்தங்களுக்குச் சிவப்பு மை, பிறகு பேசுபவருக்கு அரை விநாடி பின்னால் நீங்களும் சேர்ந்து பேசுவது. வேகம் அதிகமென்றால் யூடியூபில் 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். ஒரே துண்டை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். புதிது புதிதாகத் தேடுகிறவர்கள் முன்னேறி நான் பார்த்ததில்லை. ஒரு குறிப்பிட்ட சொல்லைப் பலர் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க யூகிளிஷ் என்ற தளம் உதவும்.

பதிவு செய்வதை விடாதீர்கள். மூலத்தில் ஒரு வாக்கியம், உங்கள் குரலில் அதே வாக்கியம் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு குறையைத் தேடுங்கள்: இன்று உகரம் ஒட்டுகிறதா, நாளை காற்று வருகிறதா. கைபேசி விசைப்பலகையில் குரலால் தட்டெழுதும் வசதியும் நல்ல சோதனை. ஆனால் அதில் மொழியை இந்திய ஆங்கிலத்தில் வைத்தால் நம் ஒலிக்கு அது இணங்கிப்போய்விடும். பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றி, இரட்டைச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திரையில் என்ன எழுத்து விழுகிறது என்று பாருங்கள்.

வார வரிசை வேண்டுமென்றால் இப்படி வைக்கலாம். முதல் இரண்டு வாரம் காது. மூன்றாவது மூச்சு, நான்காவது நாக்கு தொடும் இடம், ஐந்து ஆறு பல்லும் உதடும், ஏழு ஸகரமும் சொல்லிறுதியும். எட்டிலிருந்து பத்து வரை அழுத்தம் மட்டும். பிறகு கும்மி. பன்னிரண்டாம் வாரம் முதல் நாள் பேசிய அதே விஷயத்தை மீண்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ரகரமும் தாடை இறங்கும் உயிரும் பல்லிடை ஒலிகளும் அடுத்த மூன்று மாதத்துக்கு.

ஒன்பதாம் படி: ஆளோடு பேசும்போது

வகுப்பில் சரியாகச் சொன்னவர் விருந்தினர் முன் பழைய நாக்குக்குத் திரும்புவது இயல்பு. பேசும்போது எல்லா ஒலிகளையும் கண்காணிக்க முடியாது. அன்றைக்கு ஒரே ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டு போங்கள். இன்று தூண் மட்டும் காகிதம் துள்ளும்படி வர வேண்டும், மற்றவை எப்படியும் போகட்டும்.

புரியவில்லை என்று எதிரில் இருப்பவர் முகம் காட்டினால், நாம் உடனே அதே சொல்லை இன்னும் உரக்கவும் வேகமாகவும் சொல்கிறோம். உரக்கச் சொல்வதால் ஒலி திருந்துவதில்லை. நிறுத்துங்கள். அழுத்தமான அசையை நீட்டி, மெதுவாக ஒருமுறை சொல்லுங்கள். அதுவும் போகவில்லை என்றால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பொருளைச் சொல்லுங்கள். முட்டை புரியவில்லையா, கோழி இடுவது. முற்றம் புரியவில்லையா, வீட்டுக்கு நடுவே வானம் தெரியும் இடம். தரைக்கல் என்றால், தரையில் பதிக்கும் சதுரத் துண்டு. தொலைபேசியில் கைகாட்டக்கூட வழியில்லை, ஆகவே அங்கே இது இன்னும் அவசியம். நாற்பது சொற்களுக்கும் இப்படி ஒரு மாற்று வாக்கியத்தை எளிய ஆங்கிலத்தில் நோட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதி வையுங்கள். தரைக்கல்லுக்கு நான் எழுதி வைத்தது, அந்த அழைப்பு வந்து நான்கு ஆண்டுகள் கழித்து.